ரோஸ் மெழுகுதிரி தந்த அக்காவுக்கு

போன ஞாயிறு காலை கல்லடியில் ஒரு கடையில் என் பக்கத்தில் நின்ற அக்கா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இது உங்களுக்குத்தான்.

மாரி வெள்ளம் உள்ளே வந்ததால் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மூன்று கிழமையாகப் பூட்டிக் கிடக்கிறது. பூசை இல்லாத டிசம்பரை அம்மம்மாவால் தாங்க முடியவில்லை. சரி, வீட்டு மேசையிலேயே செபிப்போம் என்று சவுக்குக் கொப்புகளை வட்டமாக வளைத்துக் கயிற்றால் கட்டினேன். கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறும் ஒவ்வொன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகளை அதில் வைக்க வேண்டும். ஊதா மெழுகுதிரி மூன்றும் கிடைத்தது. அந்தத் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு ஏற்றும் ரோஸ் நிறம்தான் எந்தக் கடையிலும் இல்லை.

நான் கடைக்காரரிடம் கெஞ்சியதைக் கேட்டு, "கொஞ்சம் நில்லுங்க தங்கச்சி" என்று மழைக்குள்ளேயே போனீர்கள். திரும்பி வந்தபோது குடை இருந்தும் தோளெல்லாம் ஈரம். பேப்பரில் சுற்றிய மெழுகுதிரி மட்டும் நனையவில்லை. போன வருஷம் உங்கள் வீட்டில் பாதி எரிந்தது, திரி கருகியபடியே இருந்தது. காசும் வாங்கவில்லை.

அன்றிரவு அதை அம்மம்மாதான் ஏற்றினார். வெள்ளைத் துணி விரித்த மேசை, சவுக்கு வாசம், வெளியே விடாத மழை. கை நடுங்க நடுங்க ஏற்றிவிட்டு, மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முறையாகப் பாடினார்.

மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அக்கா. மனம் நிறைந்த நன்றி.