பிள்ளை சொல்லி முடிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றியும் பிள்ளைகளுக்கு எதை, எப்போது சொல்லிக்கொடுப்பது என்பது பற்றியும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் நாம் ஓயாமல் பேசுகிறோம். அவர்கள் சொல்வதை நாம் எவ்வாறு கேட்கிறோம் என்பது பற்றி, இரண்டு சிறு பிள்ளைகளின் தகப்பன் என்ற முறையில், சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

தரம் 2இல் படிக்கும் என் மகளின் தண்ணீர்ப் போத்தல் சென்ற தவணையில் நாள்தோறும் நிறைந்தபடியே வீடு திரும்பியது. இந்த வெயிலுக்கு ஏன் குடிக்கவில்லை என்று நானும் ஏசினேன், மனைவியும் ஏசினார். பின்னர் வயிற்றுவலி என்று சொல்லிப் பாடசாலைக்குப் போக மறுத்தபோது, அதைக் கள்ளம் என்று நானே முடிவுகட்டி, அழ அழ மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டேன். எதிரே நிறுத்தி விசாரித்த போதெல்லாம் "ஒண்டுமில்லை" என்பதே பதிலாக இருந்தது. ஒரு மாலை, அம்மம்மா விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்து தானும் உருவியவள், யார் பென்சிலை யார் எடுத்தது என்பதில் தொடங்கி ஏதேதோ கதைகளைச் சுற்றி வந்து, கடைசியில், "ரொயிலற் கதவின்ரை கொண்டி எனக்கு எட்டாது அம்மம்மா, ஆரும் திறந்துபோடுவினம்" என்றாள். அங்கே போக நேரும் என்று பயந்தே பிள்ளை அத்தனை நாளும் தாகத்தோடு இருந்திருக்கிறாள்.

அம்மம்மா "ம்" கொட்டியதைத் தவிர ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை மனதில் உள்ளதை நேராகத் தொடங்கிச் சொல்வதில்லை. பென்சில் கதையைப் பொறுமையாகக் கேட்டவருக்குத்தான் கொண்டிக் கதை கிடைக்கிறது. நானோ இரண்டாவது வசனத்திலேயே புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுவேன், அல்லது வீட்டுவேலை முடிந்ததா என்று கேட்டுவிடுவேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் அழைத்தால், அவள் பாதியில் விட்ட கதை அத்தோடு போய்விடும்.

நான்கு வயது மகன் சில சொற்களின் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தடுமாறுவான். அவன் தேடும் சொல்லை நானே எடுத்துக்கொடுப்பது உதவி என்று நெடுநாள் நம்பியிருந்தேன். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளுக்கு இத்தகைய தடுமாற்றம் வந்து தானாகவே மறைந்துவிடுகிறது என்பதையும், வசனத்தை நாம் முடித்துக்கொடுப்பதோ "ஆறுதலாய்ச் சொல்லு" என்று திருத்துவதோ பிள்ளையை மேலும் அந்தரப்படுத்தலாம் என்பதையும் பின்னரே அறிந்தேன். நாம் மெதுவாகப் பேசி, முகம் பார்த்துக் காத்திருப்பதே பேச்சு மொழிச் சிகிச்சையாளர் கூறும் வழி. தடுமாற்றம் பல மாதங்கள் நீடித்தாலோ பிள்ளை பேசவே அஞ்சினாலோ அவர்களிடம் காட்ட வேண்டும்.

இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆவது உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உள்ள உரிமையைப் பற்றியது. சிறுவர் துன்புறுத்தல்களை முறையிட 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆனால், சின்னஞ்சிறு பிள்ளை அந்த இலக்கத்தைத் தானாக அழைக்கப்போவதில்லை. வீட்டில் யாரேனும் ஒருவரிடம் சொன்னால்தான் உண்டு. கொண்டி எட்டவில்லை என்பதையே எனக்குச் சொல்ல முடியாதிருந்தவள், அதைவிடப் பெரிய துன்பம் ஒன்று நேர்ந்திருந்தால் யாரிடம் போயிருப்பாள் என்ற நினைப்பு இன்னமும் என் நித்திரையைக் கெடுக்கிறது.

வகுப்பாசிரியையிடம் விடயத்தைச் சொன்னதும், அந்த வாரத்திலேயே கதவில் தாழ்வாக ஒரு கொண்டி பூட்டுவித்தார்; அவருக்கு என் நன்றி. ஏனைய பாடசாலைகளின் அதிபர்களும் ஆரம்பப் பிரிவுக் கதவுகளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றும், பார்க்கும்போது தரம் 1, தரம் 2 பிள்ளைகள் சிலரையும் கூட அழைத்துச் சென்று, அவர்கள் சொல்வதை இறுதிவரை கேட்க வேண்டும் என்றும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தகப்பன் ஒருவர்,
கோண்டாவில்.