ஏழு நாற்காலிகள்

மாட்ரிட்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் என் மனைவிக்கு நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லச் சொன்னாள். நாங்கள் நலம். மகள் வேலைக்குப் போன பிறகு பேரனோடு பூங்காவைச் சுற்றுவது என் வேலை. வெயில் நம்மூர்ச் சித்திரையைப் போலத்தான் இருக்கிறது, ஆனால் வேர்ப்பதில்லை.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. "ரோமானியர் காலத்து அரங்குகளில் இப்போதும் நாடகம் போடுகிறார்களாமே, அந்தக் கற்களை நிம்மதியாக விடக்கூடாதா" என்று கேட்டிருந்தாய். பார்க்காமல் பதில் சொல்ல மனம் வரவில்லை. போன வாரம் மகள், அப்படியொரு அரங்கு இருக்கும் மெரிதாவுக்குக் கூட்டிப் போனாள். நாட்டைப் பாதி குறுக்கே கடந்து, போர்ச்சுகல் எல்லைப் பக்கம் போகவேண்டும்.

மெரிதா என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. கி.மு. 25-இல் பேரரசர் அகஸ்டஸ், போரில் பணி முடித்த தன் வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் இது. அப்படி ஓய்வு பெற்றவர்களை லத்தீனில் 'எமெரிட்டி' என்பார்கள். ஊர் 'எமெரிட்டா அகஸ்டா' ஆயிற்று. நானும் நீயும் குடியிருக்கத் தகுந்த ஊர். பத்தே வருஷத்துக்குள், கி.மு. 16-15 வாக்கில், அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா அங்கே ஆறாயிரம் பேர் உட்காரும் அரங்கைக் கட்டிவிட்டான். நுழைவாசலுக்கு மேலே கல்லில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது.

பிறகு 4-ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் வேரூன்றியபோது நாடகம் ஒழுக்கக்கேடு என்றாகி, அரங்கு கைவிடப்பட்டது. மண் மூடியது. கொஞ்ச நஞ்சமல்ல, மேடை, தூண்கள், கீழ்வரிசை, நடுவரிசை எல்லாமே உள்ளே போய்விட்டன. உச்சி வரிசையில் மட்டும், நுழைவழிகளுக்கு மேலிருந்த வளைவுகள் இடிந்து விழ, இடையிலிருந்த கல்கட்டுகள் ஏழு தனித்தனியாக மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத ஊர்க்காரர்கள் அவற்றுக்கு 'ஏழு நாற்காலிகள்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் அரசர்கள் ஏழு பேர் அதில் உட்கார்ந்து ஊரின் தலைவிதியை முடிவு செய்தார்கள் என்று கதையும் வளர்ந்தது.

இதைக் கேட்டதிலிருந்து ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. ரோமானிய அரங்கில் யார் எங்கே உட்காரவேண்டும் என்பதற்குச் சட்டமே இருந்தது. ஊர்ப் பெரியவர்களுக்குக் கீழ்வரிசை, மேடைக்கு முகத்துக்கு முகம். பணமும் பதவியும் குறையக் குறைய மேலே ஏறவேண்டும். உச்சியில் ஏழைகள், அடிமைகள். பெண்களையும் மேலேதான் அனுப்பினான் அகஸ்டஸ். அப்படியானால் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலில் நின்று, "இங்கே ஒன்று இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தவை அடிமைகள் உட்கார்ந்த இடம். அரசர்களின் நாற்காலி என்று ஊர் மரியாதை செய்ததும் அதற்குத்தான். அந்தக் கற்களுக்குக் கீழே போய் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1910-இல் ஹோசே ராமோன் மெலிதா என்ற தொல்லியலாளரும் உள்ளூர்க்காரரான மாக்சிமிலியானோ மாசியாஸும் தோண்ட ஆரம்பித்தார்கள். தூண்களும் சிலைகளும் துண்டு துண்டாக வெளியே வந்தன. இப்போது நாம் படத்தில் பார்க்கும் அந்த இரண்டு அடுக்குப் பளிங்குத் தூண் வரிசை, கீழே கிடந்ததை எடுத்துப் பொருத்தி மறுபடி நிறுத்தியது. படிகளிலும் பெரும்பகுதி பின்னால் செப்பனிட்டது. 'தொடாத கல்' என்று நீ நினைக்கிறாயே, அப்படி அங்கே அதிகம் இல்லை. கட்டியவர்களே சும்மா விடவில்லை. மேடை முகப்பைப் பின்னால் வந்த பேரரசர்கள் மாற்றிக் கட்டினார்கள், கான்ஸ்டன்டைன் காலத்தில் மறுபடி பழுது பார்த்தார்கள்.

நாற்பது வருஷம் பள்ளி நாடகங்களுக்கு மேடை போட்டவன் என்பதால் என் கண் எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் மூன்று வாசல். நடுவில் பெரியது, அரச வாசல். இருபுறமும் விருந்தினர் வாசல்கள். எந்த வாசலில் வருகிறான் என்பதிலேயே வருகிறவன் யார் என்று பாதி தெரிந்துவிடும். நாம் தட்டியும் சாக்குத் துணியும் வைத்துச் செய்ததை அவர்கள் பளிங்கில் செய்திருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் அரைவட்டத் தரை. காலையில் கூட்டம் சேருவதற்கு முன் அங்கே நின்று, குரலை உயர்த்தாமல் ஒரு குறளைச் சொன்னேன். மேல்வரிசையில் உட்கார்ந்திருந்த இவள் அடுத்த அடியைச் சொல்லி முடித்தாள். அந்தக் காலத்துக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தன் நூலில், குளத்தில் கல் விழுந்தால் அலை வட்டம் வட்டமாகப் பரவுவதுபோலக் குரலும் பரவுகிறது, நீரலை தரைமட்டத்தில் போகும், குரல் மேலேயும் ஏறும், ஆகவே படிகளை அதற்கு ஏற்றாற்போல உயர்த்துங்கள் என்று எழுதியிருக்கிறார். படித்தபோது உவமையாகத்தான் தெரிந்தது. இவள் குரல் மேலிருந்து வந்தபோதுதான் அது கணக்கு என்று புரிந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 1933 ஜூன் 18 அன்று இங்கே மறுபடி நாடகம் நடந்தது. செனெக்காவின் 'மெதேயா'. ரோமானிய நாடகாசிரியர் செனெக்கா ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்தவர், இந்த மண்ணின் பிள்ளை. லத்தீனிலிருந்து ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் உனாமுனோ. மெதேயாவாக நின்றவர் நடிகை மார்கரீத்தா சிர்கு. சில வருஷத்தில் உள்நாட்டுப் போர் வந்தது. சிர்கு தென் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார், 1969-இல் மான்டெவிடியோவில் இறக்கும்வரை ஸ்பெயினுக்குத் திரும்பவே இல்லை. ஆனால் அன்று தொடங்கிய நாடக விழா திரும்பிவிட்டது. இன்றும் கோடையில் ஊரே அதற்காகக் காத்திருக்கிறது.

நாங்களும் போனோம். பகல் சூடு இறங்கவேண்டும் என்று இரவு வெகுநேரம் கழித்துத்தான் தொடங்குகிறார்கள். உள்ளூர்ப் பாட்டிகள் திண்டு கொண்டுவந்திருந்தார்கள், கல் பகல் முழுக்கக் குடித்த வெயிலை அப்போதும் விட்டுக்கொண்டிருந்தது. வசனம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நடு வாசலில் ஒரு நடிகை வந்து நின்று பேசாமல் இருந்த நேரத்தில் கூட்டம் முழுவதும் மூச்சுவிடவில்லை, அது புரிந்தது.

நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தின் காலடி கல்லைத் தேய்க்கும், விளக்குக் கம்பங்களும் பாரமும் ஆபத்துதான். கல்லில் ஒரு ஆணிகூட இறங்கக்கூடாது, தாங்காது என்று பாதுகாக்கிறவர்கள் சொல்கிற நாளில் விழாவை நிறுத்தவேண்டும். அதில் நான் உன் கட்சி. சிலைகளின் அசல்களை அருகில் ரஃபேல் மொனேயோ கட்டிய அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிட்டு, மேடையில் நகல்களை நிறுத்தியிருக்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் அரங்கு சிலை இல்லை. பேசவும் கேட்கவும் கட்டியது. அதைப் பூட்டி வைத்துக் காப்பாற்றினால் காப்பாற்றியது எதை என்று எனக்குத் தெரியவில்லை.

உன் பதில் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். இருந்தாலும் எழுது, நீளமாக எழுது. இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். மேலே தனித்தனியாகத் தெரிகிற கல்கட்டுகள்தான் அந்த நாற்காலிகள். இடமிருந்து மூன்றாவதற்குக் கீழே நீலப் புடவை தெரிகிறதா? அங்கிருந்துதான் இவள் குறளை முடித்தாள்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு.

உன்,
பழைய மேடைத் தோழன்