வெட்டிய பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கண்டி, பேராதனை, பதுளை ஆஸ்பத்திரிகளின் டொக்டர்மார், தாதியருக்கும், தோட்ட டிஸ்பென்சரிக்காரர்களுக்கும், அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்து அயலவருக்கும் குரோன் என்ற நீண்டகாலக் குடல்புண் நோய்க்காகக் குடலில் ஒபரேஷன் செய்துகொண்டவர்களும் குடும்பத்தாரும் எழுதிக்கொள்வது.

ஒபரேஷன் செய்த சர்ஜனுக்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் குடலை வெட்டினால் குரோன் போய்விடுவதில்லை. சிறுகுடலின் கடைசித் துண்டை எடுத்து, மிச்சத்தைப் பெருங்குடலோடு தைக்கிறார்கள். மருந்தில்லாமல் விட்டால், தையலுக்குச் சற்று மேலேயே பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண் வரும். அப்போது வயிறு நோகாது, உடம்பும் தேறியிருக்கும், ஆள் வேலைக்கும் போவார். அந்தச் சுகமான மாதங்களில் எங்களை விரட்டிப் பிடித்தவர்களுக்கே இந்த மடல்.

நோவு இல்லாதவருக்கும் ஒபரேஷன் முடிந்து 6ஆம் மாதம் கொலனோஸ்கோபி (பின்வழியாகக் கமெராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) என்று டயக்னோசிஸ் கார்டிலேயே எழுதிவிட்ட டொக்டர்மாருக்கு முதல் நன்றி. தைத்த இடத்துக்கு மேலே பார்த்து, புண் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ருட்கியர்ட்ஸ் அளவில் 0 (புண் இல்லை) முதல் 4 (மிக மோசம்) வரை புள்ளி போடுவார்கள். ஐந்துக்கு மேல் சிறு புண்கள் இருந்தால் 2. அங்கேயே மருந்தைக் கூட்ட வேண்டும், நோவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இப்படி 6 மாதத்தில் பார்த்து மருந்தைக் கூட்டியவர்களுக்கு 18ஆம் மாதத்தில் புண் குறைவாக இருந்ததை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு 2015இல் காட்டியது.

அந்தச் சோதனைக்கு முன் குடலைச் சுத்தமாக்க வேண்டும், ஆனால் பேதி மருந்தைக் குடித்துவிட்டு பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்கு பஸ் ஏற முடியாது. முதல் நாளே வரச் சொல்லி, கக்கூஸ் கிட்ட இருக்கிற அறையைக் கொடுத்த சொந்தக்காரர்களே, அந்தக் குடல் சுத்தமாக இருந்ததற்கு நீங்களும் காரணம். கீரையும் விதையுள்ள பழமும் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், இரும்புச்சத்துக் குளிசையை ஒரு வாரத்துக்கு முன்பே. இல்லாவிட்டால் கறுப்பாய் ஒட்டிக்கொண்டு புண்ணை மறைக்கும்.

இரத்தம் சோதிக்கும் நாளுக்கு முகம் சுளிக்காமல் லீவு தந்த கணக்கப்பிள்ளைமாருக்கும் நன்றி. நோய் திரும்பாமல் இருக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோப்ரின் குளிசையைத் தொடங்கினால் முதல் மாதம் வாரா வாரமும், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் பார்ப்பது வழக்கம். வெள்ளணுக்கள் சடுதியாக விழலாம், நம் பக்கத்து மக்களில் சிலருக்கு அதற்கான மரபணு மாற்றமும் உண்டு. காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் வேண்டாம், அன்றே டொக்டரிடம் போக வேண்டும். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோல் இதோடு சேர்ந்தால் ஆபத்து.

ஊசி மருந்துக்கு பிரிட்ஜில் இடம் தந்த வீடுகளை மறக்க முடியாது. குரோனுக்குப் போடும் அடலிமுமாப் என்ற அந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். நுவரெலியாக் குளிர் போதும் என்று மேசையில் வைத்துவிடக் கூடாது, ஐஸ் தட்டோடு ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். பெட்டியோடு நடுத் தட்டில் வைப்பதே சரி. அந்த ஊசிக்கு முன் காசநோயும் ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் தொற்றும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்று நின்ற தாதிமாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடன் கொப்பியில் சிகரெட்டை மட்டும் எழுத மறுத்த கடைக்கார அண்ணன்மாரே, நீங்கள் தடுத்தது சின்ன விஷயமில்லை. நோய் திரும்புவதற்கு நாமே கொடுக்கும் காரணங்களில் புகைதான் பெரியது. குரோனைக் கிளறிவிடக்கூடிய டைக்ளோபெனாக்கை இடுப்பு நோவுக்குக் கேட்டவருக்கு பரசிற்றமோல் கொடுத்த டிஸ்பென்சரி ஐயாமாரும் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

வீட்டு அடுப்படிக்கும் ஒரு வார்த்தை. சிறுகுடல் நீளமாக வெட்டப்பட்டவருக்குக் கொழுப்பு சரியாகச் செமிக்காது. அந்தக் கொழுப்பு கல்சியத்தைப் பிடித்துக்கொள்ள, கல்சியத்தோடு சேர்ந்து வெளியே போக வேண்டிய, சாப்பாட்டில் இருக்கும் ஒட்சலேட் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகும். சாயம் கூடின பிளேன்டீயில் ஒட்சலேட் நிறைய உண்டு. தேயிலை மலையில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்ல எங்களாலும் முடியாது! ஆனால் சாயத்தைக் குறைத்துப் பால் சேர்த்து, தண்ணீரும் நிறையக் கொடுத்தீர்களே, அது நல்ல மருந்து.

கடைசிச் சிறுகுடல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் போனவர்களுக்கு, அங்கேதான் உறிஞ்சப்படும் விற்றமின் B12ஐ ஊசியாக ஆயுளுக்கும் கொடுக்க வேண்டும். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்த மிஸ்ஸிமாருக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
மலையகத்துக் குரோன் நோயாளர்களும் குடும்பத்தாரும்