சின்னவன் தூங்கும் நேரத்தில் கூப்பிடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இப்படித் தொடங்கி எத்தனை வருஷம் ஆகிறது! முந்தாநாள்தானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேசினோம் என்று பெயர்தான். சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டு உனக்குத் தன் மூக்கு ஓட்டையைக் காட்டினான், அப்புறம் மேல்கூரையைக் காட்டினான், அப்புறம் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டான். நீயும் நானும் ஐந்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

இப்போது வீடே தூங்குகிறது. துவைத்த துணி நாற்காலியில் மலையாகக் கிடக்கிறது. கிடக்கட்டும். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், போனில் அது வாயில் வராது. அதற்கு முன்னால், நீ வழக்கமாகக் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன்.

சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நடப்பதை விட்டுவிட்டான், எங்கே போனாலும் ஓட்டம்தான். வாரம் தவறாமல் "நடந்துட்டானா?" என்று கேட்பாயே, அந்த மூன்று மாதமும் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. பெரியவன் உன் வீட்டு ஹாலில் பதினோராம் மாதமே நடந்தவன். இவன் தவழக்கூட இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு காலை மடித்து, தேய்த்துத் தேய்த்து வீடு முழுவதும் போய்வந்தான். துணி எல்லாம் பின்பக்கம் நூல் நூலாகப் போயிற்று. நான் அரைகுறை மொழியில் டாக்டரம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் நிதானமாக ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டதாம். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று 5 நாடுகளில் நன்றாக இருக்கும் குழந்தைகளையே பார்த்துக் குறித்திருக்கிறார்கள். தனியாக நடக்கத் தொடங்கியது சுமார் 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை. அத்தனை அகலமான பட்டை அது! நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லையாம். உட்கார்ந்தே நகர்கிற பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்து நிற்பார்கள் என்றார். அன்றைக்கு ராத்திரி உன்னிடம் இதை விளக்க முயன்றேன். நீ, "அதெல்லாம் சரிடி, பெரியவன் பதினோரு மாசத்துல..." என்று ஆரம்பித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு சிக்னல் போய்விட்டது என்று சொன்னது பொய்.

பதினைந்தாம் மாதத்தில் நடந்தான். அந்த முதல் அடியை நான் பார்க்கவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். பார்த்தது பெரியவன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் வழக்கம்போலப் பையை வாசல் பக்கம் போட்டிருக்கிறான். சின்னவனுக்கு அந்தப் பை மேல் ஒரு கண். அதன் ஜிப்பைத் திறந்து மூடுவதில் அவனுக்கு அப்படி ஓர் ஆனந்தம். சுவரைப் பிடித்து நின்றவன், கையை விட்டுவிட்டு நாலு அடி வைத்திருக்கிறான். மற்ற பிள்ளையாக இருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கும். இவன் சத்தமே போடாமல் பையை இன்னும் இரண்டடி தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டானாம். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தான். "அம்மா, முதல்ல நாலு. பையைத் தள்ளி வச்சேன், ஆறு." கணக்குப் பிள்ளை மாதிரி சொன்னான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சின்னவன் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

பேச்சுக்கு வருகிறேன். "இன்னும் சரியா பேசலையே, ரெண்டு பாஷை சேர்ந்து குழப்புதோ?" என்று போன மாதம் கேட்டாய். குழப்பவில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று இங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி எண்ணினால் அறுபதுக்கு மேல் வருகிறது. இரண்டு வயதில் ஐம்பது சொல்லும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் இருந்தால் போதுமாம். அவன் முதன்முதலாகச் சேர்த்துச் சொன்னது "ணா இல்ல." அண்ணன் பள்ளிக்குப் போன பிறகு ஜன்னலோரம் நின்று கண்ணாடியில் மூச்சு விட்டு விட்டுச் சொன்னான். ஒரு வேடிக்கை கேள். அவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் "உனக்கு வேணும்" என்கிறான். நாம் "உனக்கு வேணுமா?" என்றே கேட்டுப் பழக்கிவிட்டோம் இல்லையா, 'உனக்கு' என்பதுதான் தன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "உனக்குத் தூக்கம் வருது" என்று என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறபோது, உண்மையில் எனக்குத்தான் தூக்கம் வரும்.

தூக்கம் என்றால் கோடையில்தான் பாடு. இராத்திரி ஒன்பதரைக்கும் வெளியில் வெயில் மிச்சம் இருக்கும். "வெளிச்சம், வெளிச்சம்" என்று கட்டிலில் நின்று கத்துவான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். இவன் பன்னிரண்டைத் தொட்டால் நான் சாமி கும்பிடுகிறேன். இப்போது குளிர்காலம், நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அந்தக் கஷ்டம் இல்லை. பதிலுக்கு, வெளியே கிளம்புவது ஒரு படையெடுப்பு. உள்ளே ஒரு சட்டை, மேலே ஒரு கம்பளி, அதற்கு மேல் முழு உடுப்பு, தொப்பி, கையுறை, பூட்ஸ். கையுறையில் கட்டைவிரல் மட்டும் அதன் இடத்துக்குப் போகவே போகாது. எல்லாம் மாட்டி முடித்ததும் நிதானமாக "ஆயி" என்பான்.

இந்த அமளியில் பெரியவன் தானே உடுப்பு மாட்டி, தானே ஜிப்பைக் கோத்து மேலே இழுத்து, கதவோரம் நிற்கிறான். கீழ்முனையைப் பொருத்தி இழுக்கும் ஜிப் இருக்கிறதே, அது பிள்ளைகளுக்கு லேசில் வராது. எப்போது கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது அம்மா. சின்னவன் கரண்டியை நேராகப் பிடித்ததற்கு நாங்கள் எல்லாரும் கைதட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

அவன் இப்போது படிக்கிறான். எழுத்துக் கூட்டித் தானாகப் படித்த முதல் வாக்கியம் எது தெரியுமா? தன் கட்டைப் பொம்மைப் பெட்டியில் இருந்த எச்சரிக்கை: 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, சிறு பாகங்கள் உண்டு. படித்துவிட்டுப் பெட்டியோடு மேல்கட்டிலுக்கு ஏறிவிட்டான். அன்றிலிருந்து அவன் கட்டுவதெல்லாம் மேலேதான். கீழே ஒரு துண்டு விழுந்தாலும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி, தம்பி வாயில் போடுவதற்குள் எடுத்துவிடுவான். ரொம்ப நல்லவன் என்று நினைத்துவிடாதே. போன வாரம் தம்பி இவன் தோளில் கடித்துவைத்ததும், நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைத்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினான். நானும் பார்க்காதது போலவே இருந்துவிட்டேன். பல் பதிந்த இடம் எனக்கே பதறியது.

பேருந்தில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. இறங்குவதற்கு அழுத்தும் பொத்தானைச் சின்னவன்தான் அழுத்த வேண்டும். அன்றைக்கு வேறு யாரோ அழுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். தூக்கினால் மீன் மாதிரி வளைகிறான். எல்லாரும் பார்க்கிறார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திரும்பி என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. பெரியவன் என் கையைப் பிடித்து, "ஒண்ணுமில்லம்மா, தம்பி அழகா இருக்கான்னு சொல்றாங்க" என்றான்.

இந்த ஊர் மொழி எனக்குப் பாதிதான் புரியும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பாதி எனக்குப் புரிந்திருந்தது அம்மா. பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று தெரியாதவர்கள் ஏன் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அது.

ஆறு வயதில் நின்ற இடத்திலேயே ஒரு பொய்யைத் தயாரித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தெரிந்திருக்கிறது. வந்த புதிதில் மழலையர் பள்ளியில் நாலு மாதம் வாயே திறக்காதவன் இவன். ஊமையோ என்று அவர்களே கேட்டார்கள். இப்போது எனக்கு மொழிபெயர்க்கிறான், வேண்டியதை விட்டுவிட்டும் மொழிபெயர்க்கிறான். அன்றைக்கே மொழி வகுப்புக்கு மறுபடி பெயர் கொடுத்துவிட்டேன், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். இவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நான் பேச வேண்டியதை அவன் ஏன் சுமக்க வேண்டும்?

அப்புறம் பல். போன மாதம் அவனுக்கு முதல் பல் விழுந்தது, கீழ்வரிசையில் முன்பல். ஒரு வாரமாக நாக்கால் தள்ளித் தள்ளி ஆட்டிக்கொண்டிருந்தான். அதே வாரம் சின்னவனுக்குக் கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் மூன்று வந்தால் பால்பல் இருபதும் முடிந்தது. ஒரே வீட்டில் ஒருத்தனுக்கு விழுகிறது, ஒருத்தனுக்கு முளைக்கிறது. எச்சில் ஒழுக ஒருத்தன் அழ, இன்னொருத்தன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்க, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றைக்கு நீ கூப்பிட்டாய். அவன் பல்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். உனக்குக் காட்டத்தான். சின்னவன் அப்போது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். நீ "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றாய். அப்பா வந்தார், அவருக்காக ஒரு தடவை. பக்கத்து வீட்டு அத்தை வந்தார், அவருக்காகவும். பெரியவன் கையை லேசாகத் திறந்து பல் இருக்கிறதா என்று பார்ப்பான், மூடிக்கொள்வான். கடைசியில் நீ, "எங்கடா பெரியவன்? தம்பியைப் பார்த்துக்கிறியா?" என்றாய். "ம்" என்றான். சின்னவன் பொத்தானை அமுக்கிவிட்டான்.

திரும்பக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று பல்லைப் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

உன் மேல் கோபம் இல்லை அம்மா. சின்னவனை நீ ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. அவன் பிறந்தபோது உன்னால் வர முடியாமல் போனது எனக்கே இன்னும் ஆறவில்லை. கண்ணாடி வழியாக அவனை எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு பார்க்கிறாய். ஆனால் பெரியவனை மூன்று வயது வரை உன் மடியில் வளர்த்தாய். நான் வேலைக்குப் போனபோது அவன் உன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன். ஒரு பாட்டியை முழுசாக வைத்திருந்தவனுக்கு இப்போது கிடைப்பது "தம்பியைப் பார்த்துக்கிறியா" மட்டும்தான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் ஒரு அறிக்கை விட்டது. ஒன்றரை வயது வரை பிள்ளைக்குத் திரையே காட்டாதே, வீடியோவில் சொந்தக்காரர்களோடு பேசுவது மட்டும் பரவாயில்லை என்றார்கள். ஆக, மருத்துவர்களே உனக்கு மட்டும் வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்த வாசலில் நீ பெரியவனுக்குக் கொஞ்சம் இடம் கொடு.

நீ செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தம்பியைப் பற்றி அவனிடம் எதுவும் கேட்காதே. பல்லைக் காட்டச் சொல், நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. பள்ளியில் யார் பக்கத்தில் உட்காருகிறாய் என்று கேள், அதில் பெரிய கதை இருக்கிறது. சும்மா இருந்தால் நீயும் சும்மா இரு, அவன் ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான். அவனுடைய தமிழில் இப்போது நடுநடுவே வேற்றுச்சொல் விழும். திருத்தாதே. திருத்தினால் வாயை மூடிக்கொள்கிறான்.

நேரமும் பார்த்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சாயங்காலம் ஆறு மணி. இங்கே பகல் ஒன்றரை. அப்பாவிடமும் சொல்லிவிடு, அந்த நேரத்துக்கு வேறு யாரையும் கூட்டிவர வேண்டாம். போனை நான் அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். சின்னவன் அப்போது தூங்கிக்கொண்டிருப்பான்.

அன்புடன்,
உன் மகள்