பாம்பன் படகுத்துறை அண்ணனுக்கு

உயிர்காப்பு அங்கியில் பொருத்தும் விளக்கை வடிவமைக்கும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் நான். தண்ணீர் பட்டதும் தானே எரிய வேண்டும். குறைந்தது 8 மணி நேரம், 0.75 கேண்டெலா வெளிச்சத்தோடு. ஆய்வகத்தில் எல்லாம் சரி. பாம்பனில் ஒரு விசைப்படகில் மாட்டினால், கடலில் விழாமலே ராத்திரி எரிந்து பேட்டரி தீர்ந்து கிடந்தது.

சீல் கசிகிறது என்று நானே முடிவுகட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வந்தார். தண்ணீர் பட்டதை உணர்ந்து விளக்கை எரியவிடும் இரண்டு சென்சார் ஊசிக்கும் நடுவே கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். வெள்ளையாக உப்பு.

"பனி இறங்குனா உப்பு கசியும் தம்பி. கடல்ல விழுந்துட்டோம்னு வெளக்கு நெனச்சுக்கும்."

படித்த நான் சொல்லியிருக்க வேண்டியது! ஊசிகளைத் தள்ளி வைத்து, நடுவே ஒரு மேடு கொடுத்தோம். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

பெயர் கேட்பதற்குள் படகேறிவிட்டார். ரொம்ப நன்றிண்ணே. ஒரு டீ பாக்கி இருக்கு.