ஓபி27 என்று விற்று ஓபி37 அனுப்பியமை தொடர்பான முறைப்பாடு

பரந்தன்,
கிளிநொச்சி.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

தங்கள் வித்தியாச விரியலாக்கித் தொகுதி (இரு கம்பிகளின் சைகைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுக்கும் சுற்று) தொடர்பானது

பரந்தனில் வானொலி, தொலைக்காட்சி, நீர்ப்பம்பி என்பவற்றைத் திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். தோட்டக் கிணறொன்றின் நீர்மட்ட உணரியிலிருந்து 30 மீற்றர் கம்பியூடாக வரும் சைகையில், மோட்டர் ஓடும்போது இரு கம்பிகளிலும் ஒருசேர ஏறும் இரைச்சலை நீக்குவதற்காகவே தங்கள் தொகுதியை வாங்கினேன். நான்கு 10 கிலோஓம் தடையிகளும் ஓபி27 என்ற செயற்பாட்டு விரியலாக்கி ஐசியும் கொண்ட, நயம் (பெருக்கும் மடங்கு) 1 ஆன சுற்று என்று தங்கள் கையேடும் பற்றுச்சீட்டும் கூறுகின்றன. தாங்கள் தந்த போலச்செய்கைக் கோப்பைக் கணினியில் ஓட்டியபோது எந்தக் குறையும் தென்படவில்லை.

பலகையில் பூட்டியபோதோ, இரு உள்ளீடுகளையும் தரையுடன் இணைத்த பின்னரும் பன்மானி பூச்சியத்தில் நிற்கவில்லை. கையை அருகே கொண்டு சென்றாலே வாசிப்பு மாறியது, ஐசியும் சூடாகியது. அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் எனது பெறாமகன் அலைவுகாட்டியொன்றை இரவல் வாங்கி வந்து பார்த்தபோது, வெளியீட்டில் மெகாஹேர்ட்ஸ் கணக்கில் அலைவு தானாகவே எழுந்துகொண்டிருந்தது.

தங்கள் தொழினுட்ப உதவியாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "வயரிங் பிழையாத்தான் இருக்கும் அண்ணை" என்றார். போலச்செய்கையில் கம்பிக்கு நீளமுமில்லை, மின்வழங்கிக்குத் தடையுமில்லை என்பதால் அவர் சொன்னதை நான் உடனே தள்ளிவிடவில்லை. வழங்கல் கால்களுக்கு மிக அருகே 100 நனோபரட் கொள்ளளவிகளை வைத்தேன். நீண்ட கால்களை வெட்டினேன். வெளியீட்டுக் கம்பியைக் கழற்றியும், அதற்குத் தொடராக 100 ஓம் சேர்த்தும், பின்னூட்டல் தடையிக்குக் குறுக்கே 22 பிக்கோபரட் இட்டும் பார்த்தேன். அறுவடைக் காலத்தில் திருத்த வந்த பம்பிகள் கடை வாசலில் காத்திருக்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே கழிந்தன. அலைவின் மீடிறன் மாறியதேயன்றி அலைவு நிற்கவில்லை.

கடைசியில் பூதக்கண்ணாடி வைத்து ஐசியின் முதுகைப் படித்தபோதுதான் அதில் ஓபி37 என்று பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். இரண்டும் ஒரே குடும்பத்தவை, கால் ஒழுங்கும் ஒன்றே. ஆனால் ஓபி27 நயம் 1 இலும் அலையாமல் உறுதியாக நிற்கும், வேகத்துக்காக, அலைவைத் தடுக்கும் உள்ளக ஈடுசெய்கை குறைக்கப்பட்ட ஓபி37 ஐந்துக்குக் குறைந்த நயத்தில் நிற்காது என்று அதன் தரவுத்தாளே கூறுகிறது. தங்கள் சுற்றின் சைகை நயம் 1 ஆயினும், உறுதிநிலையைத் தீர்மானிக்கும் இரைச்சல் நயம் (ஐசி தனது சொந்த உள்ளீட்டு இரைச்சலைப் பெருக்கும் மடங்கு) 2 மட்டுமே. ஓபி37 உடன் சுற்று அலையாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. தங்கள் கோப்பிலேயே ஓபி27 ஐ எடுத்துவிட்டு ஓபி37 ஐப் போட்டு ஓட்டியபோது கணினியும் அதே அலைவைக் காட்டியது.

இரு உள்ளீட்டுக் கால்களுக்கும் இடையே 2.2 கிலோஓம் தடையியொன்றைப் போட்டு இரைச்சல் நயத்தை ஏறத்தாழ 11 ஆக உயர்த்தியதும் சுற்று அடங்கியது. எனினும் வெளியீட்டில் ஐசியின் சொந்த இரைச்சலும் பெயர்ச்சி வோல்ற்றளவும் (உள்ளீடு பூச்சியமாக இருக்கும்போதும் தோன்றும் சிறு பிழை) ஐந்தரை மடங்காகிவிட்டதால் அதை நான் திருத்தமாக ஏற்க மாட்டேன்.

மீண்டும் அழைத்தபோது, கையிருப்பில் இல்லாததால் "சமமான மாற்றீடு" அனுப்பப்பட்டதாகத் தங்கள் உதவியாளர் ஒப்புக்கொண்டார். கையிருப்பு முடிவது எந்தக் கடைக்கும் நேர்வதே. எனது கடைக்கும் நேர்கிறது. மாற்றியதைச் சொல்லாமல் விட்டதும், வாடிக்கையாளரின் கைவேலையில் பழியைப் போட்டதுமே எனது முறைப்பாடு.

ஆகவே, பற்றுச்சீட்டில் உள்ளபடி ஓபி27 ஐசியைத் தங்கள் செலவில் அனுப்பி வைக்குமாறும், இதே தொகுதியை வாங்கிய ஏனையோருக்கு இம்மாற்றத்தை எழுத்தில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டின் பிரதியும் ஐசியின் ஒளிப்படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. 14 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின், தொகுதியைத் திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் கோருவேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
தங்கள் வாடிக்கையாளர்