மெஷின் சொன்ன 38,000

அன்புள்ள வசந்தி,

உன் மெயிலை வந்த அன்றே படித்துவிட்டேன், பதில் போடத்தான் நேரமில்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து லேப் வாசலில் காலை ஏழு மணிக்கே கூட்டம். காய்ச்சலோடு வருகிற எல்லாருக்கும் ஒரே கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" ரத்தத்தை உறையவைக்கிற அந்த அணு மேல்தான் எல்லார் கண்ணும். டெங்குவில் ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, ஏறுகிறதா என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார் என்று சொன்னால் யார் காதில் விழுகிறது? காலையில் பப்பாளி இலைச் சாறு குடித்துவிட்டு சாயங்காலமே மறுபடி கவுண்ட் பார்க்க வருகிறார்கள். சரி, அதை விடு.

மஸ்கட்டில் நீ மறுபடி வேலைக்குச் சேர்ந்தது எனக்கு அத்தனை சந்தோஷம். வெள்ளை அணுவை ஐந்து வகையாக எண்ணுகிற ஃபைவ் பார்ட் மெஷின் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறதே, இன்னும் யாராவது ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். பார்க்கிறோம்டி. எல்லா சாம்பிளுக்கும் இல்லை. மெஷின் சந்தேகம் என்று ஃபிளாக் காட்டினால் பார்ப்போம், நம்பர் ஆளோடு ஒட்டவில்லை என்றாலும் பார்ப்போம். இந்த இரண்டாவதுதான் எந்த மெஷினுக்கும் தெரியாத விஷயம்.

போன மாதம் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். வெளியில் எங்கோ எடுத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் வெறும் 38,000, அதனால் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். மனுஷனுக்கோ காய்ச்சல் இல்லை, ஈறில் ரத்தக் கசிவு இல்லை, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியதும் உடனே நின்றுவிட்டது. எங்கள் மெஷினும் ஏறக்குறைய அதே நம்பரைத்தான் கொடுத்தது. ஸ்மியர் போட்டு முதலில் 10எக்ஸ் லென்ஸில் ஸ்மியர் மெலிந்து முடிகிற வால் பக்கம் போனேன். அங்கே பிளேட்லெட்டெல்லாம் இருபது முப்பதாகத் திட்டுத்திட்டாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் போட்டிருக்கிற ஈ.டி.டி.ஏ. சிலருடைய ரத்தத்தில் இப்படிச் செய்துவிடும். உடம்புக்குள் ஒரு கோளாறும் இருக்காது, குழாய்க்குள் வந்த பிறகுதான் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தத் திட்டைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது, சில நேரம் வெள்ளை அணு என்றே எண்ணிவிடும். உடனே நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து ஓட்டினேன். 2,10,000. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் கலப்பதால் 1.1ஆல் பெருக்க வேண்டுமே, ஆக 2,31,000. அவருக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை நாள் மாதுளம்பழத்துக்கே எவ்வளவு செலவு தெரியுமா என்றார்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, கையில் காலில் காரணமில்லாமல் நீலத் தடிப்பு. வெள்ளை அணு 2,100, பிளேட்லெட் 19,000, இரண்டுமே ரொம்பக் குறைவு. சீசனுக்கு ஏற்றபடி யாரும் டெங்கு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். மெஷின் மோனோசைட் என்கிற வெள்ளை அணு வகையின் சதவீதத்தை மட்டும் எக்கச்சக்கமாகக் காட்டியது. ஸ்லைடில் மோனோசைட்டையே காணோம். நியூக்ளியஸ் நடுவில் மடிந்து, சைட்டோபிளாசம் முழுக்கக் கருஞ்சிவப்புத் துகள் அடைத்த பெரிய பெரிய செல்கள். அதில் ஒரு செல்லுக்குள் ஆவர் ராடுகள் என்கிற குச்சிகள் விறகுக் கட்டு மாதிரி அடுக்கிக் கிடந்தன. புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்தோமே, அதேதான். ரிப்போர்ட் டைப் அடிக்கக் காத்திருக்காமல் பேத்தாலஜிஸ்ட் மேடத்துக்கு போன் போட்டேன். ஸ்லைடு காட்டியது அக்யூட் புரோமைலோசைட்டிக் லூகேமியா என்கிற ரத்தப் புற்றுநோயை. அதில் முதல் சில நாட்களில் ரத்தக் கசிவால் உயிர் போகிற ஆபத்து அதிகம், அதனால் ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் சந்தேகப்பட்ட உடனே அதற்கான அட்ரா மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். அன்று இரவே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தேறிவருகிறாள் என்று மேடம் சொன்னார். லூகேமியாக்களில் நன்றாகக் குணமாகிற வகைகளில் இது ஒன்று, ஆரம்ப நாட்களைத் தாண்டிவிட்டால்.

அப்புறம், உன் தங்கை மகள் ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 11.2, சிவப்பணு 58 லட்சம், அதாவது 5.8 மில்லியன், சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்கிற எம்.சி.வி. 64. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார், 64ஐ 5.8ஆல் வகுத்தால் 11. இது 13க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவைவிட தலசீமியா ட்ரெய்ட் மேல்தான், அதாவது பரம்பரை ரத்தக் குறைபாட்டின் ஜீனைச் சுமக்கிற நிலை மேல்தான், சந்தேகம் போகும். இரும்பு குறைந்த ரத்தத்தில் செல் சின்னதாவதோடு எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும், இவளுக்கு செல் சின்னது, ஆனால் எண்ணிக்கை அதிகம். இந்தக் கணக்கை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பார்க்கச் சொல், கூடவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுகிற ஹெச்.பி.எல்.சி. டெஸ்டில் ஹெச்.பி. ஏ2. அது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அநேகமாக ட்ரெய்ட்தான். இரும்பும் குறைவாக இருந்தால் ஏ2 கொஞ்சம் இறங்கிக் காட்டி ஏமாற்றும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ட்ரெய்ட் என்று வந்தால் தங்கை பதறவேண்டாம். மகளுக்கு அது நோயே இல்லை, அவள் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்றாயே, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் அதே டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அவருக்கு அந்த டெஸ்டில் எந்தக் கோளாறும் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். இருவருக்கும் பீட்டா ட்ரெய்ட் இருந்தால்தான் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு தலசீமியா மேஜர் என்கிற தீவிர நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு, அப்போதும் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் எப்படிக் கேட்பது என்று தங்கை தயங்குவாள். ஜாதகம் கேட்கும்போது தயங்கினோமா என்ன?

நீ அங்கே ஸ்மியர் போட ஆரம்பித்தால் ஒன்று மட்டும் கவனி. ஸ்லைடுக்கு நிறம் ஏற்றுகிற லீஷ்மன் ஸ்டெயினுக்குக் குழாய்த் தண்ணீரை நம்பாதே. எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஸ்லைடு முழுக்க நீலம் பாய்ந்து, ஈயோசினோஃபில்கூட அடையாளம் தெரியாது. பி.ஹெச். 6.8 பஃபர் கரைசல் வாங்கி வைத்துக்கொள்.

ஹெச்.பி.எல்.சி. ரிப்போர்ட் வந்ததும் அனுப்பு. போட்டோ எடுத்தால் முழுத் தாளும் தெரிகிற மாதிரி எடு, போன தடவை ஆர்.டி.டபிள்யூ. வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

அன்புடன்,
தேன்மொழி